ஒன்றுமே வளராத தட்டு

ஆய்வுகூடத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மேசைக்குப் புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி இது. இரண்டு தட்டுகள் இருக்கின்றன. ஒன்றில் கிருமி கண்டபடி வளர்ந்திருக்கிறது. மற்றதில் ஒன்றுமே இல்லை. எதைப் பார்த்துப் பயப்படுவீர்கள்? எல்லோரும் முதலாவதைக் காட்டுவார்கள். கர்ப்பிணி ஒருவரின் சிறுநீர்த் தட்டு என்றால் நான் இரண்டாவதைக் காட்டுவேன். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு ஓய்வுபெறும் வயது வர இன்னும் நிறையக் காலம் இருக்கிறது. இடமாற்றம் வந்திருக்கிறது, அவ்வளவுதான். இனி மட்டக்களப்பில் இந்த மேசை உங்களுடையது. தட்டில் எப்படிக் கோடு இழுப்பது, அடைகாப்புப் பெட்டியை எத்தனை பாகையில் வைப்பது எல்லாம் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறீர்கள். அவற்றை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. புத்தகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் சரியாகச் செய்து முடித்த பிறகும் கையில் ஒரு தவறான ரிப்போர்ட் இருக்கலாம். அப்படியொரு ரிப்போர்ட் என் கையில் இருந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்று படுவான்கரைப் பக்கத்துக் கிளினிக் ஒன்றிலிருந்து முந்தைய நாள் வந்த மாதிரிகளின் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாவிக்கு மேற்கே வயலும் குளமுமாக இருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் கர்ப்பிணிகளின் மாதிரிகள் எங்களுக்கு வரும். அவற்றில் ஒன்று தர்ஷிகாவுடையது. ஏழாம் மாதம். படிவத்தில், ஊருக்குள் கர்ப்பிணிகளைப் போய்ப் பார்க்கும் மருத்துவமாது தன் கையால் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்: முதல் பிள்ளை ஏழாம் மாதத்தில் பிறந்து இறந்தது.

அந்த வரி எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். கர்ப்ப காலத்தில் சிறுநீர்க் கிருமி சத்தமில்லாமல் இருந்துவிட்டுச் சிறுநீரகம்வரை ஏறிவிடும். காய்ச்சல் வரும். காய்ச்சலோடு பிரசவ வலியும் வரலாம். ஏழாம் மாதத்தில் வந்தால் என்ன நடக்கும் என்பதை அந்த வீடு ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது.

தர்ஷிகாவின் தட்டில் ஒன்றுமே இல்லை. “வளர்ச்சி இல்லை” என்று எழுதி அனுப்பினால் யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் முந்தைய நாள் அதே மாதிரியின் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தவளும் நான்தான். சீழ்க்கலங்கள் குவிந்து கிடந்தன. இடையில் கோல் வடிவக் கிருமிகளையும் கண்டேன். கண்ணால் கண்ட கிருமி தட்டில் ஏன் வளரவில்லை?

இன்னொன்றும் உறுத்தியது. ஒரு பெண் கழிவறையில் போத்தலைப் பிடித்துத் தரும் மாதிரியில் தோலில் இருக்கும் சாதாரணக் கிருமி இரண்டொன்றாவது வந்துவிடும். அவற்றை நாங்கள் கணக்கில் எடுப்பதில்லை. ஆனாலும் அவை அங்கே இருக்கும். இந்தத் தட்டில் அவையும் இல்லை. மனித உடலிலிருந்து வந்த எதுவும் இவ்வளவு துப்புரவாக இருக்காது.

நான் பட்டியல் போட்டு யோசிப்பவள். முதல் சந்தேகம், மாதிரி தருவதற்கு முன்பே அன்டிபயோட்டிக் குடித்திருப்பாளோ? மருத்துவமாதுக்கு ஃபோன் எடுத்தேன்.

“குடிச்சவதான், மிஸ். டிஸ்பென்சரியில ஒருக்கா, கிளினிக்கில ஒருக்கா. ரெண்டும் செஃபலெக்சின். முடிஞ்சு கனநாள். இப்ப ஒண்டும் குடிக்கல்ல.”

“நிச்சயமாத் தெரியுமா அக்கா?”

“அவ குடிக்கிற பச்சத்தண்ணிக்கும் என்னட்டக் கேட்டுட்டுத்தான் குடிக்கிறா. ராவில இருந்து காய்ச்சலாம். விடியத்தான் ஏத்தி உங்கட ஆஸ்பத்திரிக்கு அனுப்பின நான்.”

ஆக, முதல் சந்தேகம் போயிற்று. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று தெரிந்தது. தர்ஷிகா இப்போது மேல்மாடி வார்டில் காய்ச்சலோடு படுத்திருக்கிறாள். ஒரே வகை மருந்து இரண்டு முறை கொடுத்தும் கிருமி திரும்பி வந்திருக்கிறது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த அவளுடைய போத்தலை எடுத்துப் பார்த்தேன். சீழ் நிறைந்த சிறுநீரை ஓரிரவு அசையாமல் வைத்தால் சீழ் அடியில் படிந்து மேலே தெளிந்துவிடும். இதிலும் அடியில் படிந்திருந்தது. ஆனால் மேலே இருந்தது தெளியவே இல்லை. பால் கலந்த தண்ணீர்போல வெண்மையாக நின்றது. மூடியைத் திறந்ததும் மணம் வந்தது. காயம் கழுவும் கிருமிநாசினியின் மணம். நம் பக்கத்து வீடுகளில் குளிக்கிற தண்ணீருக்குள்ளும் ஒரு மூடி விடுவார்களே, அது.

இதை நிரூபிக்க வழி இருக்கிறது. நமக்குத் தெரிந்த ஒரு கிருமியைத் தட்டில் பூசி, அதன்மேல் இந்தச் சிறுநீரில் ஒரு துளி வைத்தால், கிருமிநாசினி இருக்குமிடத்தில் எதுவும் வளராது. செய்து வைத்தேன். ஆனால் அதன் விடை நாளைக்குத்தான் வரும். காய்ச்சல் நாளைவரை நிற்காது. நிரூபணம் வரும்வரை காத்திருக்கும் வேலையும் உண்டு, காத்திருக்கக் கூடாத வேலையும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள்.

அந்த நேரம் வார்டிலிருந்து இளம் டொக்டர் ஒருவர் ஃபோன் எடுத்தார்.

“மிஸ், தர்ஷிகாட யூரின் கல்ச்சர் என்ன மாதிரி?”

“தட்டில ஒண்டும் வளரல்ல டொக்டர். ஆனா அத நோ குரோத் எண்டு எடுக்காதீங்க.”

“அதென்ன கதை? வளரல்ல எண்டா நோ குரோத்தானே?”

“சாம்பிளுக்குள்ள கிருமிநாசினி இருக்கு. தட்டுக்குப் போக முதலே கிருமி செத்துட்டு. மைக்ரஸ்கோப்பில நான் கண்டனான். ஊசி போட்டாச்சா?”

“ரத்தம் கல்ச்சருக்கு எடுத்தாச்சு. இப்ப செஃப்யூரொக்சிம் போடப் போறம்.”

“போட முதல் ஒரு புதுச் சாம்பிள் எடுக்கலாமா? போத்தல நானே கொண்டு வாறன்.”

“மிஸ், புள்ளத்தாச்சி நடுங்கிக்கொண்டிருக்கிறா. லேசா வயிறும் இறுகுது. காத்திருக்க ஏலாது.”

“காத்திருக்கச் சொல்லல்ல. மருந்தக் கலக்கி முடியிறதுக்குள்ள கிடைச்சா எடுப்பம். கிடைக்கல்லயெண்டா போடுங்க.”

இந்தக் கடைசி வசனத்தை ஞாபகத்தில் வையுங்கள். அன்டிபயோட்டிக் உடம்புக்குள் போய்விட்டால் அடுத்த மாதிரியில் கிருமி வளராமல் போகலாம். எந்த மருந்து வேலை செய்யும் என்று கண்டுபிடிக்கும் வழியும் அதோடு அடைபட்டுவிடும். ஆகவே கேட்க வேண்டும், விடாமல் கேட்க வேண்டும். ஆனால் ஊசியைத் தள்ளிப்போடும் உரிமை நமக்கில்லை. அதைக் கேட்கும்போதே சொல்லிவிட்டால் எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் காது திறக்கும்.

சீல் உடைக்காத போத்தல் ஒன்றை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். தாதி ஒருவர் மருந்தைக் கலக்கிக்கொண்டிருந்தார். கட்டிலில் தர்ஷிகா போர்வையை இழுத்துப் பிடித்தபடி படுத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய அம்மா. என் கையில் போத்தலைக் கண்டதும் அம்மா எழும்பிக் கையை நீட்டினார்.

“தாங்க மகள், கழுவித்தாறன்.”

“வேணாம் அம்மா. கழுவாமத்தான் எடுக்கணும்.”

“கழுவாமலா? ஆஸ்பத்திரிக்குக் குடுக்கிற சாமானா இல்லையா? எங்கட வீட்டில கழுவாத கோப்பையில பச்சத்தண்ணியும் குடுக்கிறல்ல.”

“நேத்துக் குடுத்த போத்தலக் கழுவினீங்களா?”

“கழுவாம?” அவருக்கு அதில் பெருமை. “கொதிதண்ணி ஊத்தி, மருந்தும் விட்டு நல்லாக் குலுக்கிக் கழுவின நான். தண்ணியில விட்டாப் பால் மாதிரி வருமே, அந்த மருந்து. அடியில கொஞ்சம் கிடந்தது, நல்லதுதானே எண்டு விட்டுட்டன்.”

கட்டிலருகே நின்ற டொக்டர் என்னைப் பார்த்தார். நான் தர்ஷிகாவிடம் போத்தலைக் கொடுத்தேன்.

“தங்கச்சி, முதல்ல வாறத விடுங்க. நடுவில வாறதப் பிடிங்க. மூடிக்கு உள்பக்கம் கை படவேணாம்.”

அவள் உதட்டைப் பிதுக்கினாள். “மிஸ், இப்பதான் போயிட்டு வந்து படுத்த நான்.”

இதை எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்க மாட்டார்கள். ஆய்வுகூடம், வார்டு, மருந்து, நுண்ணோக்கி எல்லாம் தயார். வர வேண்டியது வரவில்லை.

பக்கத்துக் கட்டிலில் நிறைமாத வயிற்றோடு ஒரு பெண் இருந்தாள். “என்னகா, பைப்பத் திறந்து விடவா? தண்ணிச் சத்தம் கேட்டா தானா வரும்” என்று சொல்லிக்கொண்டே எழும்பிப் போய்த் திறந்தும் விட்டாள். ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். “மிஸ், அவக்கு வருதோ இல்லையோ, எனக்கு வருது. என்டய வேணுமெண்டா எடுங்க. எவ்வளவு வேணும்?”

காய்ச்சல் நடுக்கத்தின் நடுவில் தர்ஷிகா சிரித்துவிட்டாள். “சிரிப்புக் காட்டாதீங்கக்கா, வரப்போகுது.”

“அப்ப ஓடு புள்ள, ஓடு!”

தாதி அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். மருந்து கலக்கி ஊசியில் ஏறியிருந்தது. டொக்டர் கழிவறைக் கதவையும் தன் கையிலிருந்த ஊசியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் திரும்பிப் போகத் தயாராகத்தான் நின்றேன். கதவு திறந்தது. போத்தலின் அடி நனையும் அளவுதான் இருந்தது. கல்ச்சருக்கு அது தாராளம். அவள் கட்டிலில் உட்கார்ந்த உடனேயே ஊசி போட்டார்கள்.

நான் வெளியே வரும்போது அம்மா வாசல்வரை பின்னால் வந்தார். பெருமை எல்லாம் போய், குரல் இறங்கியிருந்தது.

“மகள், நான் கழுவினதால புள்ளைக்கு ஏதும் ஆகிட்டா?”

“புள்ளைக்கு ஒண்டுமில்ல அம்மா. போத்தலுக்குள்ள இருந்த கிருமிதான் செத்த. இப்ப வேற எடுத்தாச்சு.”

“முதல் புள்ள போனப்ப ஒரு மிஸி சொன்னவ, துப்புரவில்லாததாலதான் சலத்தில கிருமி வந்தெண்டு. அண்டையில இருந்து நான் இந்தப் புள்ளைக்கு எல்லாத்தையும் மருந்து விட்டுத்தான் கழுவுற.”

அந்தத் தாதி யார், எங்கே வேலை செய்தவர் என்று நான் கேட்கவில்லை. அவசரத்தில் சொன்ன ஒரு வசனமாக இருக்கும். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். கேட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மகளின் வயிற்றில் அடுத்த பிள்ளை வந்தபோது எடுத்துப் பிரயோகித்திருக்கிறார். மட்டக்களப்பில் மகளுக்குத்தான் வீடு. தாய் அவளோடுதான் இருப்பார். மகளின் பிள்ளைத்தாய்ச்சிக் காலம் முழுவதும் தாயின் கையில்தான். அந்தக் கையில் நாம் எதைக் கொடுத்தனுப்புகிறோம் என்பது நம் வேலையில் சேர்ந்ததுதான்.

அவசரமாகப் போக வேண்டியிருந்தும் நின்று சொன்னேன். “இது துப்புரவில்லாததால வாற வருத்தமில்ல அம்மா. வயித்தில புள்ள வளரக்குள்ள சலம் வடியிற குழாய் நெருக்குப்பட்டுத் தளர்ந்து போகும். சலம் தேங்கும். தேங்கினாக் கிருமி வரும். எவ்வளவு துப்புரவான ஆளுக்கும் வரும். டொக்டர்மாருக்கும் வரும்.”

“மெய்யாவா?”

“மெய்தான்.”

அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இந்த உரையாடலுக்குச் செலவான நேரத்தை நான் வீணாக நினைக்கவில்லை.

புது மாதிரியை நுண்ணோக்கியில் பார்த்தேன். ஒரே வகைக் கிருமி நிறைந்திருந்தது. முறைப்படி என்றால் அதை நாளைவரை வளர்த்து, நாளைக்கு மருந்துப் பரிசோதனை வைத்து, நாளை மறுநாள் விடை சொல்ல வேண்டும். எங்கள் நுண்ணுயிரியல் நிபுணரிடம் ஃபோனில் கேட்டேன். அவர் குறைவாகப் பேசுபவர். “ஒரே வகை எண்டு நிச்சயமா? அப்ப நேரே வைங்க. வாற விடை தற்காலிகம். தற்காலிகம் எண்டே சொல்லுங்க. முறைப்படி செய்யிறதையும் விடவேணாம்” என்றார். மாதிரியையே தட்டில் பூசி, ஒவ்வொரு மருந்தும் ஊறிய சின்னக் காகித வட்டுகளை அதன்மேல் வைத்தேன். மருந்து வேலை செய்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராது. வேலை செய்யாவிட்டால் வட்டை ஒட்டியே வளரும்.

மறுநாள் காலை இரண்டு தட்டுகளை எடுத்தேன். பழைய சிறுநீரைத் துளி வைத்த தட்டில், துளி விழுந்த இடத்தில் தெளிவான வட்டம். கிருமிநாசினி நிரூபணமாயிற்று. மற்றத் தட்டில் தர்ஷிகாவின் கிருமி தடிப்பாக வளர்ந்திருந்தது. செஃபலோஸ்போரின் வகை வட்டுகள் எல்லாவற்றையும் அது ஒட்டி வளர்ந்திருந்தது. அவள் முன்பு குடித்த மருந்து அந்த வகை. முந்தைய நாளிலிருந்து வார்டில் போடும் ஊசியும் அந்த வகை.

நிபுணருக்குச் சொல்லிவிட்டு வார்டுக்கு நான் ஃபோன் எடுக்குமுன் டொக்டரே எடுத்தார். “காய்ச்சல் இறங்கவே இல்ல மிஸ். வயிறு இறுகிறது கூடிட்டு. ஏதும் சொல்ல ஏலுமா?”

“தற்காலிக விடைதான். செஃப்யூரொக்சிம் வேலை செய்யல்ல. அந்த வகை ஒண்டுமே வேலை செய்யல்ல.”

“அப்ப எது வேலை செய்யுது? எல்லாத்தையும் வாசிங்க, எழுதுறன்.”

இங்கே நிதானம் வேண்டும். தட்டைப் பார்த்து வாசிப்பது சுலபம். ஆனால் தட்டுக்குக் கர்ப்பம் தெரியாது. வேலை செய்த மருந்துகளை நான் மனதில் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தேன். கிருமியைக் கொல்லும், தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்பவை ஒரு பக்கம். கிருமியைக் கொல்லும், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தவிர்ப்பார்கள் என்பவை இன்னொரு பக்கம். மூன்றாவதுதான் ஆளை ஏமாற்றுவது. தட்டில் அழகாக வேலை செய்யும், சிறுநீர்ப்பையிலும் வேலை செய்யும், ஆனால் காய்ச்சலோடு சிறுநீரகத்துக்கு ஏறிவிட்ட கிருமியிடம் போய்ச் சேராது.

“நைட்ரோஃபியூரண்டொயின் வேலை செய்யுதா?” என்று அவரே கேட்டார். “எண்டா ஊசி இல்லாம குளிசையிலயே போகலாமே?”

“தட்டில வேலை செய்யுதுதான். இவக்குக் கிட்னிக்கு ஏறியிருக்கு எண்டா அது போதாது. மெரோபெனெம் நல்லா வேலை செய்யுது. எங்கட நிபுணருக்கு எல்லாம் சொல்லிட்டன். அவ இப்ப உங்களுக்கு எடுப்பா, ஃபோன வையுங்க.”

“வைக்கிறன், வைக்கிறன்” என்று அவசரமாக வைத்தார்.

மருந்தைத் தெரிவு செய்வது நம் வேலை இல்லை. தெரிவு செய்ய வேண்டியவர் கையில் சரியான தகவல் சரியான நேரத்தில் இருக்கச் செய்வது நம் வேலை. அதற்காக ஃபோன் எடுக்க வெட்கப்படாதீர்கள். எடுத்த ஃபோன்களுக்காக யாரும் என்னைக் கடைசிவரை திட்டவில்லை. ஒருவர் திட்டினார், அவர் எல்லோரையும் திட்டுபவர்.

மருந்தை மாற்றினார்கள். அன்று பின்னேரமும் காய்ச்சல் இருந்தது, வலியும் விட்டு விட்டு வந்தது. பிள்ளை முந்திப் பிறந்தால் நுரையீரலுக்கு உதவும் ஊசியும் தாய்க்குப் போட்டுவிட்டார்கள் என்று டொக்டர் சொன்னார். அதன் அர்த்தம் எனக்குத் தெரியும். அவர்களும் நம்பிக்கை ஒரு கையிலும் பயம் மறு கையிலுமாக நிற்கிறார்கள் என்பதுதான். நான் வேலை முடிந்து வீட்டுக்குப் போனேன். நம் மேசையிலிருந்து செய்யக்கூடியது முடிந்த பிறகு வார்டு வாசலில் போய் நிற்பதால் யாருக்கும் உதவியில்லை.

அடுத்த நாள் முறைப்படி வைத்த பரிசோதனையும் அதையே சொன்னது. ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டு வார்டுக்கு ஃபோன் எடுத்தபோது தாதிதான் பேசினார். “காய்ச்சல் விட்டுட்டு மிஸ். வயிறும் இளகிட்டு. விடியத்தான் இடியப்பம் கேட்டுச் சாப்பிட்டவ.” இரத்தக் கல்ச்சரில் கடைசிவரை ஒன்றும் வளரவில்லை; கிருமி இரத்தத்துக்குள் போயிருக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் கிளினிக்குகளுக்கு அனுப்பும் போத்தல்களின் மூடியில் பிளாஸ்டர் ஒட்டி அனுப்பத் தொடங்கினோம். மாதிரி எடுக்கும் நேரத்தில் மட்டும் அதைப் பிரிக்க வேண்டும், கழுவக் கூடாது என்று மருத்துவமாதுகள் வாயால் சொல்கிறார்கள். எழுத்தில் கொடுப்பதைவிட வாயால் சொல்வது வேலை செய்கிறது. ‘ஏன்’ என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறேன். நம் ஆட்களிடம் காரணம் சொல்லாமல் ‘கழுவாதே’ என்றால் ரகசியமாகக் கழுவுவார்கள்.

தர்ஷிகாவுக்கு நோய் மாறிய பிறகும் பிரசவம்வரை மாதாமாதம் மாதிரி அனுப்பச் சொல்லியிருந்தது. கிருமி திரும்பி வரக்கூடியது. முதல் மாதம் வந்தது, நல்ல ரிப்போர்ட். அடுத்த மாதமும் அப்படியே. மூன்றாம் மாதம் அவள் அனுப்ப வேண்டிய வாரத்தில் அந்தக் கிளினிக்கின் பெட்டி வந்தபோது எல்லாப் போத்தல்களையும் எடுத்துப் பெயர் பார்த்தேன். அவளுடையது இல்லை. அவளுக்குப் பிரசவத்துக்கு நாள் இன்னும் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெட்டியை இன்னொரு முறை பார்த்துவிட்டு மருத்துவமாதுக்கு ஃபோன் எடுத்தேன்.

“அக்கா, தர்ஷிகாட சாம்பிள் வரல்ல.”

“அவ ஏன் இனி அனுப்பப் போறா?”

“என்ன சொல்றீங்க?”

“பெத்துட்டா, தங்கச்சி! போன கிழமை. குறிச்ச நாளைக்குக் கொஞ்சம் முந்தித்தான், ஆனா முழுப் புள்ள. பொம்புளப் புள்ள. நேத்துத்தான் போய்ப் பாத்துட்டு வந்த நான். அம்மாக்காரி துணி துவைச்சே களைச்சுப் போனா. அந்தப் புள்ள நாள் முழுக்க சாம்பிள் குடுத்துக்கொண்டே கிடக்கு, கொடியில காயப்போட இடமில்ல.”